இருநூறு மீட்டர் கல்

கடலூரிலிருந்து சிதம்பரம் பக்கமோ, புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் பக்கமோ போகும்போது சாலையின் ஓரத்தைக் கொஞ்சம் பாருங்கள். மஞ்சள் தலை வைத்த கிலோமீட்டர் கல் எல்லோருக்கும் தெரியும். அப்படி இரண்டு கற்களுக்கு நடுவில் 2, 4, 6, 8 என்று எண் மட்டும் எழுதிய குட்டிக் கற்கள் நிற்கும். ஒரு குட்டிக் கல்லுக்கும் அடுத்ததற்கும் 200 மீட்டர். புல் மறைத்திருக்கும், சில இடங்களில் சாய்ந்து கிடக்கும், ஆனாலும் பெரும்பாலும் இருக்கும். நெடுஞ்சாலையில் வேகத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி கிடையாது. ஸ்பீடோமீட்டர் ஒரு எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணில் வண்டி நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும் என்பதை அது சொல்லாது. கல் சொல்லும்.

முதலில் ஸ்பீடோமீட்டரையே கல்லை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். வண்டி ஓட்டுபவர் இதைச் செய்யக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செல்போனில் ஸ்டாப்வாட்சை ஓட விடட்டும். மீட்டரில் 80 காட்டும்படி ஒரே சீராக ஓட்டினால், ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 45 விநாடி ஆக வேண்டும். 60-ல் போனால் 60 விநாடி, 100-ல் 36 விநாடி. பெரும்பாலான கார்களில் ஒன்றிரண்டு விநாடி கூடுதலாகவே வரும். ஏனென்றால் மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது என்பதற்காக, சற்றுக் கூட்டிக் காட்டும்படிதான் வைத்திருப்பார்கள். நீங்கள் பார்த்ததில் விநாடி குறைந்து வந்தால் டயரைப் பாருங்கள். கம்பெனி கொடுத்த அளவை மாற்றிப் பெரிய டயர் போட்டிருந்தால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி அதற்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

இப்போது நிற்கும் தூரத்துக்கு வருவோம். முன்னால் ஒரு மாடு குறுக்கே வருகிறது. கண் பார்த்து, புத்திக்கு எட்டி, கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து பிரேக்குக்கு மாறுவதற்கு நல்ல ஓட்டுநருக்கே ஒன்றரை விநாடி ஆகும். அந்த நேரம் முழுக்க வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்கிறது. காய்ந்த சாலை, நல்ல டயர், முழு பிரேக் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 60 கிலோமீட்டர் வேகத்தில் மொத்தம் சுமார் 45 மீட்டரில் வண்டி நிற்கும். 80-ல் 69 மீட்டர். 100-ல் 97 மீட்டர். 120-ல் 129 மீட்டர். 60-க்கும் 120-க்கும் வேகம் இரண்டு மடங்குதான், தூரமோ ஏறக்குறைய மூன்று மடங்கு. பிரேக் பிடித்து நிற்கும் பகுதி வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதுதான் காரணம், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் அந்தப் பகுதி நான்கு மடங்காகும்.

சாலையை வடிவமைக்கும் பொறியாளர்கள் இதைவிடத் தாராளமாகக் கணக்கிடுகிறார்கள். எல்லோரும் விழிப்பாக இருக்க மாட்டார்கள், எல்லா டயரும் புதிதாக இருக்காது என்பதால் சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி கண்டுணரும் நேரத்துக்கு இரண்டரை விநாடி வைத்து, 80-க்கு 120 மீட்டர், 100-க்கு 180 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும் என்கிறார்கள். 180 மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒரு குட்டிக் கல்லிலிருந்து அடுத்த குட்டிக் கல் வரை. மனத்தில் வைத்துக்கொள்ள எளிய அளவு இது: ஸ்பீடோமீட்டர் 100-ஐத் தொட வேண்டுமானால் முன்னால் ஒரு கல் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, காலை எடுங்கள். வளைவு, பாலத்தின் ஏற்றம், முன்னால் போகும் பஸ்ஸின் முதுகு, பனி, எதிர் வெளிச்சம், எது மறைத்தாலும் கணக்கு ஒன்றுதான்.

80-க்கும் 100-க்கும் இருபது கிலோமீட்டர்தானே வித்தியாசம் என்று நினைப்பவர்களுக்காக இன்னொரு கணக்கு. இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்து லேனில் போகின்றன. ஒன்று 80-ல், மற்றது 100-ல். 69 மீட்டர் முன்னால் ஒரு லாரி இரண்டு லேனையும் அடைத்துக் குறுக்கே நிற்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள், ஒரே நேரத்தில் பிரேக்கை மிதிக்கிறார்கள். 80-ல் போனவர் லாரியை ஒட்டி நின்றுவிடுகிறார். 100-ல் போனவர் அதே இடத்தில், பிரேக்கை முழுக்க மிதித்தபடியே, மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் லாரியில் மோதுகிறார். இதில் திறமைக்கு வேலையே இல்லை. ஒன்றரை விநாடியில் அவர் கார் கூடுதலாக ஓடிவிட்ட தூரமும், வேகத்தின் வர்க்கமும் சேர்ந்து செய்த வேலை இது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான ஆபத்து நான்கு சதவீதம் கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கும் அடிப்படை இதுதான்.

இவ்வளவு ஆபத்தை வாங்கிக்கொண்டு நமக்குக் கிடைப்பது என்ன? புதுச்சேரியிலிருந்து திண்டிவனத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடையே இல்லாமல் 80-ல் போனால் 30 நிமிடம், 100-ல் போனால் 24 நிமிடம். ஆறு நிமிடம் மிச்சம். நடுவில் டோல்கேட்டும் ஊர்களும் டிராக்டர்களும் இருப்பதால் அந்த ஆறும் மூன்று நான்காகச் சுருங்கிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நடுவில் தடுப்புள்ள நான்கு வழிச்சாலையில் கார்களுக்கு 100 என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவிக்கை போட்டது. அந்த அறிவிக்கையை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இந்த விவாதத்தில் எண்ணைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சிவப்பு வட்டத்துக்குள் எழுதி நட்டிருக்கும் பலகையைப் பாருங்கள், அந்த இடத்துக்கு அதுதான் உச்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-வது பிரிவில் கார்களுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. பலகையில் 80 என்று போட்டால் 80-ல் போயே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. அதற்கு மேல் போகக் கூடாது என்பதுதான் பொருள். இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் பின்னால் வந்து ஹாரன் அடிப்பவர்கள் ஏராளம்.

நம் பகுதிச் சாலைகளுக்கு என்று சில குணங்கள் உண்டு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை பல இடங்களில் நான்கு வழியாக அகலமாகிவிட்டது. அகலமான சாலையில் வேகம் உறைக்காது. பழைய சாலையில் 60-ல் போகும்போது புளியமரங்கள் விர்ரென்று பின்னால் ஓடும், அதனால் வேகம் உடம்புக்குத் தெரியும். வெட்டவெளியில் 100-ல் போனாலும் மெதுவாகப் போவது போலவே இருக்கும். அந்த ஓட்டத்திலேயே கிளைச்சாலைக்கு இறங்கி ஊருக்குள் வருபவர்கள் 70-ஐ 40 என்று எண்ணிக்கொண்டு வருவார்கள். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய முதல் ஐந்து நிமிடம் மீட்டரைப் பார்த்து ஓட்ட வேண்டும், உடம்பு சொல்வதை நம்பக் கூடாது.

சென்டர் மீடியன் வந்த பிறகு எதிர்த்திசையில் வரும் வண்டி என்ற புது ஆபத்தும் வந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்து வயலுக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ போக இரண்டு கிலோமீட்டர் சுற்ற வேண்டும் என்பதால், பைக்கும் டிராக்டரும் ஓரமாகவே எதிரே வரும். நீங்கள் 90, அவர் 40 என்றால் நெருங்கும் வேகம் 130. ஒரு விநாடிக்கு 36 மீட்டர். ஒரு கல் தூரத்தில் பார்த்தால்கூட ஐந்தரை விநாடிதான் இருக்கிறது. அதனால் காலியான சாலையில் இடது ஓரத்தை ஒட்டி ஓட்டாமல், இடது லேனின் நடுவில் ஓட்டுங்கள். மீடியனில் இடைவெளி விட்ட இடம், சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடம், அரளிச்செடி வளர்ந்து மறைக்கும் இடம், மூன்றிலும் காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துப் பிரேக் மேல் வைத்துக்கொண்டு கடக்கலாம். ஒன்றரை விநாடியில் பாதி அப்போதே மிச்சமாகிவிடும்.

அறுவடை மாதங்களில் நெல்லும் உளுந்தும் எள்ளும் சாலையில் காயும். தானியத்தின் மேல் பிரேக் பிடித்தால் மணியெல்லாம் உருண்டு டயருக்குப் பிடிப்பே இருக்காது. செடியோடு பரப்பியிருந்தால் ஆபத்து வேறு மாதிரி. காய்ந்த தாள் வண்டியின் அடியில் சுற்றிக்கொள்ளும், சைலன்சரின் சூட்டில் தீப்பிடிக்கும். அப்படி ஒரு பரப்பின் மேல் ஏற வேண்டி வந்துவிட்டால், தாண்டியதும் ஓரமாக நிறுத்திக் குனிந்து அடியில் பாருங்கள். இதைச் செய்பவர் மிகக் குறைவு. கடலூர் முதுநகர் பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும். அது சாதாரணத் தண்ணீர் மாதிரி இல்லை, கொழகொழப்பானது. வளைவிலும் வேகத்தடைக்கு முன்னாலும் பைக்குகள் சறுக்குவதற்கு அது போதும்.

இரவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹெட்லைட்டை டிம்மில் வைத்தால் ஒரு தடையைச் சரியாகப் பார்க்க முடிவது 40, 50 மீட்டர். மேலே சொன்ன கணக்கில் 45 மீட்டருக்குள் நிற்பது 60 கிலோமீட்டர் வேகம். ஆக, எதிரே வண்டி வந்து டிம்மில் ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் 60-க்கு மேல் போவது கண்ணைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். ஹை பீமில் 100 முதல் 150 மீட்டர் வரை தெரியும். அதிலும் 100-ல் போனால் விளிம்பில்தான் இருக்கிறீர்கள்.

இந்த விளிம்பில் என்ன காத்திருக்கும் என்று பார்ப்போம். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் சவுக்கு நிறைய. வெட்டிய சவுக்குக் கட்டைகளை ஏற்றிய லாரி அல்லது டிராக்டர் டிரெய்லர் ராத்திரியில்தான் கிளம்பும். கட்டைகளின் முனை டிரெய்லரை விட்டுப் பல அடி வெளியே நீண்டிருக்கும். டெயில் லைட் அந்தக் கட்டைகளுக்கு அடியில், உள்ளே தள்ளி இருக்கும். எரிந்தாலும் தெரியாது. கட்டையின் நிறமும் இருட்டின் நிறமும் ஒன்றுதான். பின்னால் வருபவருக்கு விளக்கு தெரியும்போது கட்டையின் முனை ஏற்கெனவே கண்ணாடிக்கு அருகில் இருக்கும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு கொண்டு போகும் டிராக்டர்களும் அப்படித்தான், அதோடு வேகமும் குறைவு. 20 கிலோமீட்டரில் ஊரும் டிராக்டரை 90-ல் வரும் கார் நெருங்கும்போது விநாடிக்கு 19 மீட்டர் இடைவெளி குறைகிறது. முன்னால் சிவப்பாக ஏதாவது ஒரு புள்ளி தெரிந்தால், அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தீர்மானிப்பதற்கு முன் காலை எடுத்துவிடுங்கள். வைக்கோல், கரும்பு, கட்டை, கம்பி, எது ஏற்றியவராக இருந்தாலும் பின்முனையில் சிவப்புத் துணிக்குப் பதில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிய பலகை ஒன்று கட்டித் தொங்கவிட வேண்டும். செலவு மிகச் சிறியது. சிவப்புத் துணி பகலுக்கு மட்டும்தான்.

கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைக்கவும் மறக்காதீர்கள். வெளிப்பக்கம் எல்லோரும் துடைக்கிறார்கள், உள்பக்கத்தில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலம்தான் எதிர் வெளிச்சத்தைப் பரப்பிக் கண்ணைக் கூச வைக்கிறது. காலையில் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்கு நோக்கி வருபவர்களுக்கும், மாலையில் திரும்பிப் போகிறவர்களுக்கும் சூரியன் நேர் எதிரே நிற்கும். அவர்களுக்கும் இதே துடைப்பு உதவும்.

நான்கு வழியாக மாறாத இரட்டை வழிப் பகுதிகளில் ஓவர்டேக் செய்யும் கணக்கை ஒரு தடவையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். லாரி 50-ல் போகிறது, நீங்கள் 70-ல் முந்துகிறீர்கள். லாரிக்குப் பின்னால் 20 மீட்டர், லாரியின் நீளம் 10, உங்கள் கார் 5, முன்னால் போய்ச் சேர 20, ஆக 55 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். 20 கிலோமீட்டர் வேக வித்தியாசத்தில் அதற்குப் பத்து விநாடி. அந்தப் பத்து விநாடியில் நீங்கள் 195 மீட்டர் போய்விடுவீர்கள். எதிரே 80-ல் ஒருவர் வந்தால் அவர் 220 மீட்டர் வந்துவிடுவார். மொத்தம் 415 மீட்டர், அதாவது இரண்டு குட்டிக் கல்லுக்கும் மேல் சாலை காலியாக இருக்க வேண்டும். எதிரே வரும் ஹெட்லைட் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று இரவில் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. லாரிக்காரர் வலது இண்டிகேட்டர் போட்டால் சிலர் ‘முந்து’ என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் ‘முந்தாதே’ என்று. அவர் நிஜமாகவே வலப்பக்கம் திரும்பவும் கூடும். அந்த இண்டிகேட்டரை நம்பி வெளியே வராதீர்கள்.

நான்கு வழியில் வேறு சிக்கல். லாரிகள் வலது லேனிலேயே ஓடும், எல்லோரும் இடப்பக்கம் முந்துவார்கள். லாரியின் இடப்பக்க முன்மூலைதான் ஓட்டுநருக்குச் சுத்தமாகத் தெரியாத இடம். லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. முதலில் ஹாரன் அடித்து, லைட்டைத் தட்டி வழி கேளுங்கள். வேறு வழியே இல்லாமல் இடப்பக்கம் போனால், பக்கவாட்டில் தங்காமல் ஒரே மூச்சில் கடந்துவிட வேண்டும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி எவ்வளவு? அது ஒரு கம்பத்தையோ கல்லையோ கடந்த கணம் ‘ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு, ஆயிரத்தி மூணு’ என்று சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால் நெருக்கம் அதிகம். மழையில் ஐந்து வரை எண்ணுங்கள். இடைவெளி விட்டால் இன்னொருவர் புகுந்துவிடுகிறார் என்பது உண்மைதான். புகுந்தால் மறுபடி விடுங்கள், அதற்கு ஆகும் செலவு இரண்டு விநாடி.

ஐப்பசி, கார்த்திகையில் நம் கடற்கரைச் சாலைகளில் தண்ணீர் தேங்காத நாள் குறைவு. ஈரச் சாலையில் பிடிப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். 80-ல் நிற்கும் தூரம் 69-லிருந்து 95 மீட்டராகவும், 100-ல் 97-லிருந்து 138 மீட்டராகவும் நீளும். அதைவிட மோசம், டயர் தண்ணீரின் மேல் மிதப்பது. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால், தேங்கிய நீரில் சுமார் 94 கிலோமீட்டர் வேகத்தில் டயர் தரையை விட்டு எழும்பிவிடும் என்று பழைய நாசா சூத்திரம் சொல்கிறது. 25 பிஎஸ்ஐ-தான் இருந்தால் 83-லேயே எழும்பும். டயர் தேய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும், என்ஜின் சத்தம் சட்டென ஏறும். அதுதான் அறிகுறி. பிரேக் போடாதீர்கள், ஸ்டீயரிங்கை வெட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, சக்கரத்தை நேராக வைத்துக் காத்திருங்கள், ஒன்றிரண்டு விநாடியில் டயர் தரையைப் பிடிக்கும். வேகத்தைத் தானாகவே ஒரே சீராக வைக்கும் குரூஸ் கன்ட்ரோல் உள்ள வண்டியில் மழை என்றாலே அதை அணைத்துவிட வேண்டும். முழங்கால் தண்ணீரைக் கடந்து வந்தால், பிரேக்கை லேசாக மிதித்தபடி நூறு மீட்டர் ஓட்டுங்கள், ஈரம் காயும்.

கனமழையில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டும் பழக்கம் பரவிக் கிடக்கிறது. நாலும் மின்னினால் நீங்கள் லேன் மாறப்போவது யாருக்கும் தெரியாது. நின்றுபோன வண்டியா, ஓடும் வண்டியா என்றும் தெரியாது. ஓடும்போது ஹெட்லைட் டிம்மில் எரிந்தால் பின்னால் சிவப்பு விளக்கும் எரியும், அது போதும். நாலு இண்டிகேட்டர் நின்றுபோன வண்டிக்கு உரியது.

டயருக்கு வருவோம். வெயில் காலத்தில் டயர் வெடிக்கும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைக்கச் சொல்லும் கடைக்காரர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். இது நேர் தலைகீழ். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு எண்ணூறு தடவைக்கு மேல் மடங்கும். மடங்க மடங்கச் சூடு, சூட்டில் ரப்பரும் உள்ளே இருக்கும் நூல் அடுக்கும் பிரிகின்றன, கடைசியில் வெடிக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் எழுதிய அளவுதான் சரியான அளவு. ஆள் நிறைய, சாமான் நிறைய என்றால் அதே ஸ்டிக்கரில் கூடுதல் அளவு தனியாக இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பார்த்தால் 3 முதல் 5 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதை இறக்கிவிடக் கூடாது.

டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் செய்தது. தரையைப் பிடிக்கும் பட்டன் நன்றாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு மேல் ஆன டயரை வருடத்துக்கு ஒரு முறை கழற்றி உள்பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள், வெயிலில் நிற்கும் வண்டி என்றால் கட்டாயம். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர். அதோடு டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்கு அதற்கும் முன்பே, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுவது நல்லது. பக்கச்சுவரில் கோலிக்குண்டு அளவு புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது, அதோடு நெடுஞ்சாலைக்குப் போகக் கூடாது. ஸ்டெப்னி ஒல்லியான டயராக இருந்தால் அதில் 80 என்று எழுதியிருக்கும், அதை மாட்டிக்கொண்டு அதற்கு மேல் போகக் கூடாது.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாய்ந்து வண்டி வெடித்த பக்கமாக இழுத்துச் சுற்றும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரைப் படிப்படியாக விட்டு, 40-க்குக் கீழே வந்த பிறகு மெல்ல ஓரம் கட்டுங்கள்.

கடலோர ஊர்களில் பிரேக்குக்கு உப்புக்காற்று எதிரி. நான்கு நாள் நிறுத்தி வைத்த காரின் டிஸ்க்கில் செந்துரு படரும். முதல் சில மிதிப்பில் சரசரவென்று உரசிப் போய்விடும், அதனால் கிளம்பியதும் தெருவிலேயே இரண்டு மூன்று தடவை பிரேக் போட்டுப் பார்த்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் அதன் கொதிநிலை இறங்கும், தொடர்ந்து பிரேக் போடும்போது உள்ளே ஆவியாகிப் பெடல் பஞ்சு போல அமுங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள வண்டியில் அவசரத்துக்கு முழு பலத்தோடு மிதித்து, நிற்கும் வரை காலை எடுக்காமல் ஸ்டீயரிங்கைத் திருப்பித் தடையை விலக்க வேண்டும். பெடல் காலுக்கடியில் தடதடக்கும். ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுபவர்கள் பலர், அது ஏபிஎஸ் வேலை செய்யும் சத்தம்.

பெல்ட் பின்சீட்டுக்கும் வேண்டும். 70-ல் மோதினால் பின்னால் இருப்பவர் அதே 70-ல் முன்சீட்டின் முதுகில் வந்து விழுவார், அவரால் முன்னால் பெல்ட் போட்டவரும் சாகக் கூடும். பம்பருக்கு முன்னால் கிராஷ் கார்டு என்ற இரும்புச் சட்டம் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். 2017-லேயே தடை செய்தார்கள். அது ஏர்பேக் சென்சார் அடியை உணர்வதைக் கெடுக்கும்.

வார இறுதியில் புதுச்சேரிக்கு வந்து போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சட்டப்படி வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மது. உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். காபி, மோர், குளியல் எதுவும் இதை வேகப்படுத்தாது. நள்ளிரவில் 150-ல் இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கு 60 இருக்கும். தூங்கி எழுந்து தெளிவாக இருப்பதாக நினைத்துக் கிளம்புகிற அவர் வரம்பைப் போல இரண்டு மடங்கில் ஓட்டுகிறார். தூக்கமும் இதே வகைதான். விடியற்காலை 2 முதல் 5, பிற்பகல் 2 முதல் 4, இந்த நேரங்களில் கண் தானாகச் சொருகும். 100-ல் மூன்று விநாடி கண் மூடினால் 83 மீட்டர். டீ குடித்து முகம் கழுவினால் பத்து நிமிடம்தான் தாங்கும். டீயைக் குடித்த கையோடு பங்க்கில் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள், எழும்போது டீயும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும்.

வண்டி நின்றுபோனால் முடிந்தவரை இடது ஓரத்தின் மண் பகுதிக்கு உருட்டிவிடுங்கள். வலப்பக்கச் சக்கரம் பஞ்சர் என்றால் ஓடும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜாக்கி போடக் கூடாது. டயர் போனாலும் பரவாயில்லை, மெதுவாக லாரி நிறுத்தும் இடமோ பங்க்கோ வரும் வரை ஓட்டிப் போகலாம், டயரை வாங்கிக்கொள்ளலாம். முக்கோணப் பலகையை நூறு காலடி பின்னால் போய் வையுங்கள். போகும்போது அதை முன்னால் பிடித்துக்கொண்டு, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். பிறகு எல்லோரும் காரை விட்டு இறங்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும், குழந்தை தூங்கினாலும் தூக்கிக்கொண்டு. நின்ற காருக்குள் உட்கார்ந்திருப்பது மிக ஆபத்து.

விபத்தைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். உதவி செய்பவரைப் போலீஸ் வழக்கில் இழுக்கக் கூடாது என்பதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். நாடு முழுவதற்கும் 2025 மே முதல் ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. ஹெல்மெட் போட்டவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் 1033. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். ‘கடலூர் தாண்டி, ஒரு பாலத்துக்குப் பக்கத்தில்’ என்றால் வண்டி தேடிக்கொண்டு அலையும். எந்த ஊரை நோக்கிப் போகும் பக்கம் என்பதைச் சொல்லி, பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், அதைத் தாண்டி நிற்கும் குட்டிக் கல்லின் எண்ணையும் படித்துச் சொல்லுங்கள்.